கூட்டத்தின் மேல் போடும் பழி

"இவ்வளவு ஜனத்துக்கு எவன்தான் என்ன பண்ண முடியும்?" காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் மாலை வேளையில் கால் மணி நேரம் நின்றால் இது காதில் விழும். கூரத்துக்கோ தாமலுக்கோ போகிற பேருந்து வரவில்லை என்றால் சொல்வார்கள். வந்த பேருந்தில் ஏற முடியவில்லை என்றாலும் சொல்வார்கள். அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்கும் வரிசையிலும், பட்டா மாற்றத்துக்காகத் திரும்பத் திரும்ப வர நேர்ந்த தாலுகா அலுவலக வாசலிலும், மழை நின்ற பிறகும் தண்ணீர் வடியாத நெசவாளர் தெருவிலும் இதே பேச்சுதான். சொல்பவர் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர். தன் துன்பத்துக்குக் காரணம், தன்னைப் போலவே துன்பப்பட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கும் இன்னொருவர் என்று அவர் நம்புகிறார்.

இந்த நம்பிக்கை தவறு. ஏழையின் வாயில் இது சலிப்பாக வருகிறது, அதிகாரியின் வாயில் சாக்காக வருகிறது, வசதி உள்ளவரின் வாயில் வெறுப்பாக வருகிறது. எந்த வாயில் வந்தாலும் கணக்குக்கு முன் நிற்பதில்லை.

கூட்டம்தான் காரணம் என்றால், நெருக்கம் கூடக்கூடப் பொதுச் சேவை கெட வேண்டும். ஆள் குறைந்த இடத்தில் அது செழிக்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி ஒரு சதுர கிலோமீட்டரில் கேரளத்தில் 860 பேர், தமிழ்நாட்டில் 555 பேர், மத்தியப் பிரதேசத்தில் 236 பேர். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயது நிறையும் முன் இறப்பவை, 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி, கேரளத்தில் 6, தமிழ்நாட்டில் 13, மத்தியப் பிரதேசத்தில் 43. பேறுகாலத் தாய் இறப்பும் இதே வரிசையில்தான் நிற்கிறது: 2018–20-ல் லட்சம் பிறப்புக்கு 19, 54, 173. நெருக்கம் மிகுந்த மாநிலத்தில் தாயும் பிள்ளையும் பிழைக்கிறார்கள். இடம் தாராளமாகக் கிடக்கும் மாநிலத்தில் சாகிறார்கள். கூட்டத்தைக் குற்றம் சொல்பவர்கள் இந்த மூன்று வரி எண்களுக்கு முதலில் பதில் சொல்லட்டும்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. வீடுகள் அடுத்தடுத்து இருக்கும் ஊரில் ஒரு செவிலியர் ஒரே முற்பகலில் பல கர்ப்பிணிகளைப் பார்த்துவிடலாம். ஒரு குழாய் நூறு வீட்டுக்கு நீர் தரும். ஒரு பேருந்து வழியெல்லாம் நிரம்பும், டிக்கெட் வருமானமும் வரும். பொதுச் சேவைக்கு நெருக்கம் ஒரு வசதி. அதைப் பயன்படுத்திக்கொள்ள ஓர் ஏற்பாடு வேண்டும், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் அந்த ஏற்பாடு கண்ணுக்குத் தெரிகிறது. 1939-லேயே பொது சுகாதாரச் சட்டம் வந்தது. சிகிச்சை தரும் மருத்துவர்களோடு கலக்காமல் பொது சுகாதாரத்துக்கென்றே தனி அலுவலர் அணி இருக்கிறது. 1994-ல் மருந்து வாங்கவும் சேமிக்கவும் அனுப்பவும் தனியாக மருத்துவப் பணிகள் கழகம் அமைந்தது. பக்கத்து மாநிலங்களைவிட ஜனம் குறைவாக இருந்ததால் இவை நடக்கவில்லை.

இந்தப் பேச்சு எங்கிருந்து பரவியது என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்க உயிரியலாளர் பால் எர்லிக் 1968-ல் வெளியிட்ட ‘மக்கள்தொகை வெடிகுண்டு’ என்ற நூல், ஒரு வெப்பமான இரவில் டெல்லித் தெருக்களில் டாக்சியில் போன அனுபவத்தோடு தொடங்குகிறது. எங்கு பார்த்தாலும் மனிதர்கள் என்று அவர் அஞ்சிப்போனார். அந்தக் காலத்து டெல்லியில் இருந்தவர்கள் முப்பது லட்சத்தை ஒட்டித்தான்; பாரிஸ் பெருநகரத்தில் ஏறக்குறைய எண்பது லட்சம் பேர். பாரிஸைப் பார்த்து யாரும் வெடிகுண்டு என்று சொல்லவில்லை. அவர் கண்ணில் பட்டது குடிநீரும் கழிப்பிடமும் கூரையும் கிடைக்காத ஏழ்மை; அவர் எழுதி வைத்தது எண்ணிக்கை. அந்த எழுத்து வளர்த்த பயம் இந்திய ஆட்சியாளர்களுக்கு வாகாக அமைந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் ஒரே ஆண்டில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்குக் கருத்தடை அறுவை செய்தார்கள். பிடித்துக்கொண்டு போனவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். மக்களே பிரச்சினை என்று ஆரம்பிக்கும் சிந்தனை கடைசியில் மக்கள் உடம்பின் மேல்தான் கை வைக்கும்.

காஞ்சிபுரத்துக்காரர்கள் கூட்டம் என்றால் என்ன என்று யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் அத்திவரதர் வைபவம். நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வரதர் கோயிலின் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளும் மூர்த்தியைக் காண ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். 2011 கணக்கில் நகராட்சியின் மக்கள்தொகை 1.64 லட்சம். அதாவது, சராசரியாக ஒவ்வொரு நாளும் ஊர் ஜனத்தைவிடக் கூடுதலான ஆட்கள் ஊருக்குள் வந்து போனார்கள். ஜூலை 18-ஆம் நாள் நெரிசலில் சிக்கி நான்கு பேர் இறந்தார்கள். எதிர்பாராத கூட்டம் என்று சொன்னார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே எந்த ஆண்டு என்று தெரிந்த ஒரு விழாவுக்கு எதிர்பாராத கூட்டம் என்ற விளக்கம் பொருந்தாது. 1979-க்கும் 2019-க்கும் இடையில் சாலை, தொலைக்காட்சி, கைப்பேசி, வாடகைக் கார் எல்லாம் பெருகிவிட்டன என்பது எந்த அலுவலகத்துக்கும் தெரியாத ரகசியமா?

அந்தச் சாவுகளுக்குப் பிறகு நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். கூட்டம் குறையவில்லை, ஆகஸ்டில் நின்ற கோல தரிசனத்துக்கு இன்னும் ஏறியது. ஆனால் வந்தவர்களைக் கோயில் வாசலில் குவியவிடாமல் முன்கூட்டியே நிறுத்தி இளைப்பாறவைக்கும் இடங்கள், கூடுதல் அலுவலர்கள், ஊர் எல்லையில் வண்டிகளை நிறுத்தி உள்ளே சிற்றுந்தில் கொண்டுபோகும் முறை என்று ஏற்பாடுகள் பெருகின. அதே தெருக்கள், அதே கோபுர வாசல்கள். இன்னொன்றும் அப்போது எல்லாருக்கும் தெரிந்தது. முக்கியப் பிரமுகர்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும் தனி அனுமதிச் சீட்டு, தனி வழி. பொதுத் தரிசனக்காரர் பல மணி நேரம் வெயிலில் நிற்கும்போது, சிலர் நேராகப் போய்ச் சன்னதி முன்னால் நேரம் எடுத்துக்கொண்டார்கள். அந்த நிமிடங்கள் பொது வரிசையிலிருந்து கழிக்கப்பட்டவை. வரிசையில் நிற்பவர்களைக் கூட்டம் என்கிறோம். வரிசையைத் தாண்டிப் போகிறவர்களை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

மும்பையில் நடந்தது இதைவிடத் தெளிவானது. 2017 செப்டம்பர் 29 காலை, எல்பின்ஸ்டன் ரோடு நிலையத்தின் ஒடுங்கிய நடைமேம்பாலப் படிக்கட்டில் 23 பேர் நசுங்கி இறந்தார்கள். மழைக்கு ஒதுங்கிய கூட்டம், வதந்தி, பீதி என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. அங்கே அகலமான புதிய பாலம் வேண்டும் என்ற கோரிக்கை பழையது, அதற்கு ஒப்புதலும் முன்பே கிடைத்திருந்தது, பாலம்தான் வரவில்லை. விபத்துக்குப் பிறகு ராணுவத்திடம் வேலையை ஒப்படைத்தார்கள். 2018 பிப்ரவரி இறுதியில் புதிய பாலம் திறந்தாகிவிட்டது. நான்கு மாதத்தில் கட்ட முடிந்த பாலம் ஆண்டுக்கணக்கில் காகிதத்தில் கிடந்ததற்கு மும்பையின் ஜனத்தொகையா காரணம்?

கட்டுவதோடு விடாமல் ஏற்பாடும் செய்வது நமக்குப் புதிதல்ல. காஞ்சியை ஒட்டிய கூரம் கிராமத்தைச் சரித்திரம் படித்தவர்கள் செப்பேட்டால் அறிவார்கள். பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் வெளியிட்ட கூரம் செப்பேடு வடமொழியும் தமிழும் கலந்தது. போர்ப் புகழுக்காக அதை எடுத்துக்காட்டுவது வழக்கம். அதில் இருக்கும் பொதுப்பணி விவரங்களை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. கூரத்தில் பரமேசுவர தடாகம் என்ற ஏரி வெட்டியதும், அதை நிரப்பப் பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்ற கால்வாய் கொண்டுவந்ததும் அதில் வருகின்றன. பரமேசுவரமங்கலம் என்ற ஊரை இருபத்தைந்து பங்காக்கி யார் யாருக்கு எதற்கு என்று எழுதியிருக்கிறார்கள். மூன்று பங்கு, கூரத்துச் சிவன் கோயிலின் பூசைக்கும் பழுதுபார்ப்புக்கும். ஒரு பங்கு, ஊர் மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் தர. ஒரு பங்கு, அந்த மண்டபத்தில் பாரதம் வாசிக்க. மீதி இருபது, நான்கு வேதம் வல்ல இருபது அந்தணருக்கு.

மண்டபம் கட்டியதோடு விட்டிருக்கலாம். கட்டியவன் பெயர் நிற்க அது போதும். ஆனால் மண்டபத்துக்கு வருகிறவன் தாகத்தோடு வருவான், இருட்டிய பின்னும் இருப்பான், ஆகவே தண்ணீருக்கும் விளக்குக்கும் ஆண்டுதோறும் வருமானம் வேண்டும் என்று கருதி, அதற்கென ஒரு பங்கு நிலத்தைச் செம்பில் வெட்டிவைத்தார்கள். இன்றைய திறப்பு விழாக்களில் இந்த ஒரு பங்கைத்தான் காணவில்லை. பேருந்து நிழற்குடை வரும், விளக்குக்கு மின்கட்டணம் யார் கட்டுவது என்று தெரியாது. பொதுக் கழிப்பிடம் வரும், தண்ணீர்த் தொட்டி வராது. சுத்திகரித்த குடிநீர் இயந்திரம் வரும், வடிகட்டி மாற்ற ஒதுக்கீடு இருக்காது. கல்வெட்டில் திறந்துவைத்தவர் பெயர் மட்டும் நிலைக்கும்.

அதே மாவட்டத்தில் உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்தில் 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காக எல்லாரும் புகழ்கிறார்கள். அவற்றின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர் என்று வேலையும் ஆளும் பிரித்து, ஓராண்டுப் பொறுப்பு; முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக் கூடாது, அவன் நெருங்கிய உறவினரும் நிற்கக் கூடாது. அந்தச் சபையில் உழுதவனுக்கும் நெய்தவனுக்கும் பெண்களுக்கும் இடமில்லை; நிலமும் வேதப் படிப்பும் உள்ள சிலரின் சபை அது. அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று யாரும் ஆசைப்பட வேண்டியதில்லை. கணக்குக் காட்டாதவனுக்கு மறுமுறை பொறுப்பு இல்லை என்ற விதி மட்டும், எல்லாருக்கும் ஓட்டுரிமை வந்துவிட்ட இந்தக் காலத்தில் ஏன் இன்னும் கடுமையாக இல்லை என்று கேட்க வேண்டியிருக்கிறது.

காஞ்சிபுரத்து நெசவாளர் தெருவுக்கு வந்தால் இந்தக் கேள்வி தண்ணீராகவே நிற்கும். பட்டுத்தறி பெரும்பாலும் குழித்தறி. தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு மிதியை மிதித்து நெய்வார்கள். தெருவில் பாவு விரித்துச் சரிசெய்வார்கள். அந்தக் குடும்பத்துக்குத் தெரு என்பது போகும் வழி மட்டும் இல்லை, பட்டறையின் ஒரு பகுதி. பழைய சாலையின் மேலேயே புதிய தாரோ சிமென்ட்டோ கொட்டிக்கொண்டு போனால், சில ஆண்டுகளில் தெரு உயர்ந்து வீட்டு வாசல் பள்ளமாகிறது. கழிவுநீர்க் கால்வாய் ஒரு மட்டத்தில், சாலை வேறு மட்டத்தில். மழை பெய்தால் தெருத் தண்ணீர் திண்ணை ஏறி முதலில் இறங்குவது தறிக்குழிக்குள்தான். குழி நனைந்தால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். சேலைக்குத்தான் கூலி, நாளுக்கில்லை.

இதற்கும் ஜனத்தொகைக்கும் என்ன சம்பந்தம்? அந்தத் தெருவில் பாதிப் பேர் ஊரைவிட்டுப் போனாலும் மிச்சமிருக்கும் பாதிப் பேரின் குழியில் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய சாலை போட வேண்டும், வீடுகள் பள்ளத்தில் போய்விடக் கூடாது என்று 2021-ல் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளரே எழுத்தில் அறிவுறுத்தினார். விதி இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் போட்ட சாலையின் உயரத்தை அளந்து பார்த்து, தவறென்றால் பட்டியல் பணத்தை நிறுத்துகிற ஒரு பொறியாளரின் கையெழுத்து எல்லாத் தெருவுக்கும் எட்டவில்லை. அந்தக் கையெழுத்துக்கு எத்தனை கோடிப் பேர் இடைஞ்சல் செய்தார்கள்?

எதிர்த்தரப்பின் வாதத்தில் கனமான ஒன்று உண்டு: தண்ணீர். மழை கூடுவதில்லை, குடிப்பவர்கள் கூடுகிறார்கள். இதை மறுக்க முடியாது, நிலமும் அப்படித்தான். ஆனால் பாலாறு என்ன ஆனது? பெரும்பிடுகுக் கால்வாய்க்கு நீர் தந்த அந்த ஆறு காஞ்சிபுரத்துக்கு வருமுன்பே வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வழியாகத் தோல் பதனிடும் கழிவைச் சுமந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியிலும் அதே ஆற்றுக்காக, அதே மாசுக்காக அந்த நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட நேர்ந்தது. இடைப்பட்ட 28 ஆண்டில் நிலத்தடி நீர் உப்பான கிணறுகளின் ஊரில், தண்ணீர் போதாததற்கு ஜனப்பெருக்கம் காரணம் என்று சொல்ல எவருக்கும் வாய் கூசும். ஆற்று மணல் அள்ளப்பட்டதும் ஏரிவரத்துக் கால்வாய்கள் தூர்ந்ததும் இதே வகை. குடிக்கிறவன் எண்ணிக்கையைவிடக் கெடுக்கிறவன் துணிச்சல்தான் ஆற்றைத் தீர்த்தது.

இங்கே தோற்றால் வாதம் வேறு வேஷம் போடும்: "நம்ம ஜனங்களுக்கு ஒழுங்கே கிடையாது." வரிசையில் நிற்கத் தெரியாதாம். 2020 ஏப்ரலில், கொரோனா பயத்தின் உச்சத்தில், தமிழ்நாட்டின் ரேஷன் கடைகள் சுமார் இரண்டு கோடி அரிசி அட்டைகளுக்கு ஆயிரம் ரூபாயும் பொருளும் கொடுத்தன. வீடு தேடி டோக்கன் வந்தது, அதில் தேதியும் நேரமும் இருந்தன, தெருவாரியாகப் பிரித்திருந்தார்கள். ஜனம் வட்டத்துக்குள் இடைவெளி விட்டு நின்றது. பொங்கல் பரிசுக்கும் இதே டோக்கன் முறைதான். தன் பங்கு தனக்கு உண்டு, இன்ன நேரத்தில் உண்டு என்று உறுதியாகத் தெரிந்தவன் ஏன் முண்டியடிக்கப் போகிறான்? எடைக்குறைவு, சில மாதம் நாற்றமடிக்கும் அரிசி என்று ரேஷன் கடை மேல் புகார் நிறைய உண்டு, நியாயமான புகார். என்றாலும் 1997-ல் வறுமைக்கோடு பார்த்து அட்டையைப் பிரி என்று மத்திய அரசு சொன்னபோது எல்லாருக்கும் உண்டு என்ற முறையைத் தமிழ்நாடு விடவில்லை. அதனால்தான் கடை சரியில்லை என்றால் தெருவே சேர்ந்து கேட்கிறது.

கூரத்தில் பிறந்த கூரத்தாழ்வானைப் பற்றி வைணவ மரபு ஒன்று சொல்லும்: விடியலில் அன்னதானத்துக்குத் திறக்கும் அவர் வீட்டுக் கதவு இரவு வெகுநேரம் கழித்துத்தான் அடைபடும், அந்த ஓசை காஞ்சி வரதர் கோயில் வரை கேட்கும். வந்த கூட்டத்தைப் பற்றி அந்தக் கதையில் ஒரு குறையும் இல்லை.

சென்னைப் பேருந்தில் தொங்கிக்கொண்டு வந்த அதே ஆள் மெட்ரோ நடைமேடையில் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறார். ரயில் சில நிமிடத்தில் வரும், கதவு இந்த இடத்தில்தான் திறக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் பெரிதாகக் கட்டினால் மட்டும் போதாது என்பதற்கும் சென்னையே சாட்சி. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைத் திறந்தார்கள். 88 ஏக்கர், அகலமான கூடம், நிறைய நடைமேடைகள். பக்கத்திலேயே ரயில் பாதை போகிறது. ரயில் நிலையம் அப்போது தயாராகவில்லை. நள்ளிரவில் தென்மாவட்டத்திலிருந்து பெட்டியும் குழந்தையுமாக இறங்கியவர்கள் நகருக்குள் போக மாநகரப் பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் அலைந்தார்கள். முனையத்தையும் நிலையத்தையும் ஒரே நாளில் திறக்கும்படி இரண்டு துறைகளை ஒரே மேசையில் உட்காரவைக்கத் தவறினார்கள்.

ஜனத்தொகையை இவ்வளவு திட்டும் நாடு தன் ஜனத்தைக் கடைசியாக எண்ணியது 2011-ல். 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கு தள்ளிக்கொண்டே போய், 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக வைத்து 2025-ல்தான் அறிவிப்பு வந்தது. இடையில் காஞ்சிபுரம் 2021-ல் மாநகராட்சி ஆகிவிட்டது, 2019-ல் மாவட்டமே இரண்டாகிச் செங்கல்பட்டு பிரிந்துவிட்டது. எத்தனை பேர் என்று தெரியாமலே அதிகம் என்று முடிவுகட்டி, அந்த முடிவை வைத்துக்கொண்டு குழாய்க்கும் பேருந்துக்கும் காரணம் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் ஒரு பெண் பெறும் குழந்தைகளின் சராசரி 2020 கணக்குப்படி 1.4, ஜனம் குறையப்போகிறதே என்ற கவலை தொடங்கிவிட்ட மாநிலம் இது. கூட்டம்தான் காரணம் என்று இன்று சொல்கிற அலுவலகம், ஆள் குறைந்த பின் பள்ளியை மூட அதையே வேறு விதமாகச் சொல்லும்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூட வேண்டும்; அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். ஊராட்சியின் வரவு செலவை மக்கள் முன் வைப்பது அந்தச் சபையின் வேலைகளில் ஒன்று. கூரத்தில் அன்று கூடுகிறவர்கள் ஏரிக்கும் வரத்துக் கால்வாய்க்கும் இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, வேலையைச் செய்தவர் யார், அளந்து கையெழுத்திட்டவர் யார் என்று கேட்கலாம். பதிலை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிவைக்கச் சொல்லித் தீர்மானம் போடலாம். காஞ்சி மாநகராட்சியின் வார்டுகளிலும் சாலை மட்டம், கால்வாய் மட்டம், ஒப்பந்தக்காரர் பெயர் மூன்றையும் தெருமுனையில் எழுதிவைக்கும்படி மாமன்ற உறுப்பினரைக் கேட்க வேண்டியவர்கள், தறிக்குழியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கும் அந்தத் தெருக்காரர்கள்தான்.